சின்ன ஆணுக்கு வைத்த பெயர்

புதிய உயிரினம் கண்டுபிடிக்கும் தொழிலில் காடும் மலையும் மழையும் வேறு யாருக்கோ கிடைக்கும். நமக்குக் கிடைப்பது ஒரு மேசை, ஒரு நுணுக்குக்காட்டி, மதுசாரம் நிரப்பிய சிறு குப்பிகள், தீராத முதுகு நோ. ரொறன்ரோவில் ஓர் அருங்காட்சியகத்தின் நிலக்கீழ்த் தளத்தில் இந்த வேலையைச் செய்தபடியே ஐம்பதைத் தாண்டிவிட்டேன். எத்தனை வருடம் செய்தாலும் தன் வேலை இன்னதென்று சொந்தக்காரருக்கு விளக்கத் தெரியாமல் விழிக்கும் அன்பர்களே, இந்தக் குறிப்புகள் உங்களுக்குத்தான்.

எட்டுக் கால் இருந்தால் போதும்

நான் ஆராய்வது ஹாவெஸ்ற்மன் என்ற பிராணியை. தமிழில் அதற்குப் பெயர் இருப்பதாக நான் அறியவில்லை. கராஜ் மூலையில், வேலியோரத்தில், மயிர் போன்ற நீண்ட கால்களோடு தள்ளாடி நடக்குமே, அதுதான். எல்லோரும் சிலந்தி என்பார்கள். சிலந்திக்கு உடம்பு இரண்டு துண்டு. இதற்கு ஒரே துண்டு, பயறு ஒன்றுக்குக் கால் முளைத்தது போல. வலை பின்னத் தெரியாது. நஞ்சு கிடையாது.

ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழாவில், பக்கத்துக் கதிரையில் இருந்த அங்கிள் ஒருவர் என்ன வேலை என்று கேட்டார். வழக்கமாக 'மியூசியத்தில்' என்று சொல்லி நழுவிவிடுவேன். அன்று ஏனோ முழுவதும் சொன்னேன். அவர் கையிலிருந்த ரோல்ஸைக் கடிக்க மறந்து கேட்டார். இரண்டு கேள்விகள்கூடக் கேட்டார். கடைசியில் ஒரு மனிதருக்காவது விளங்கியதே என்று நான் பூரித்துப்போயிருக்க, அவர் என் முழங்காலில் தட்டிச் சொன்னார்: "நல்ல விசயம் தம்பி. எங்கட பேஸ்மென்ற்றிலையும் உது கொஞ்சம் நிக்குது. சனிக்கிழமை நேரமிருந்தா வந்து மருந்தடிச்சு விடும்."

மிசிசாகாவுக்கு வந்த பார்சல்

ஹெலன், அவுஸ்திரேலியாவில் என்னைப் போலவே ஓர் அருங்காட்சியகத்தில் இருப்பவர். இளம் வயதில் அந்த நாட்டின் வடகிழக்கே, முகில் விலகாத ஒரு மழைக்காட்டு மலையில், அட்டைக்கடியோடு உக்கிய இலைகளைச் சலித்துப் பிடித்தவற்றைக் குப்பிகளில் போட்டு வைத்திருந்தார். பார்க்க ஆளில்லாமல் கிடந்த அவற்றை எனக்கு இரவலாக அனுப்பினார். பார்சல் மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சுங்கத்தில் மறிபட்டு நின்றது. வந்து விளக்கம் சொல்லி எடுக்கச் சொன்னார்கள்.

என் மனைவி வசந்திக்கும் வேலை அந்தப் பக்கந்தான். விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் தொழிற்சாலை. நான் படித்த காலத்திலும், படித்து முடித்து நிரந்தர வேலையில்லாமல் அலைந்த காலத்திலும் எங்கள் வீட்டை ஓட்டியது அந்தத் தட்டுகள். கனடாவுக்கு வந்தபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு அப்படி ஒன்று இல்லையே என்று வாதாட அன்று ஆங்கிலமும் இல்லை, துணிவும் இல்லை. என் அப்பாவின் பெயரையே இருவருக்கும் கொடுத்தேன். அவள் வசந்தி கந்தையா ஆனாள். தொழிற்சாலையில் ஏற்கெனவே ஒரு வசந்தி இருந்ததால் கந்தையாவைப் பிடித்து, அதையும் பாதியாக்கி, 'காண்டி' என்று வைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பார்சல் எடுக்கப் போன அன்று அவளை வேலையில் இறக்கிவிடும்போதுதான் முதன்முதலாக என் காதால் கேட்டேன். வாசலிலிருந்து ஒரு பஞ்சாபிப் பெண் கூப்பிட, வசந்தி கொஞ்சமும் யோசிக்காமல் திரும்பினாள். தான் ஒரு நாளும் நேரில் கண்டிராத என் தகப்பனாரின் பெயருக்கு அவள் அவ்வளவு இயல்பாகத் திரும்பியது என்னவோ செய்தது. அந்தப் பெண் என்னை எட்டிப் பார்த்து உற்சாகமாகக் கேட்டார்: "காண்டி, இவர்தானா உன்னுடைய பூச்சிக்காரர்?"

சாப்பாட்டு மேசையில் கேட்கக்கூடாத கேள்வி

குப்பிகளில் இரண்டு விதமான ஆண்கள் இருந்தன. ஒன்று பெரியது, வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொடுக்கு உடம்பைவிட நீளம். மற்றது சின்னது, கொடுக்கும் கட்டை. பெண்கள் எல்லாம் ஒரே மாதிரி. அவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மதுசாரத்தில் ஊறிப் பழசாகிவிட்டதால் மரபணுவும் எடுக்க முடியவில்லை. எனவே இந்தத் தொழிலின் பழைய வழிதான்: ஆண் உறுப்பைப் பிரித்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. அதன் நுனியில் சில முட்கள் உண்டு. பெரியதில் அவை நேராக நின்றன, சின்னதில் வளைந்திருந்தன. அப்படியானால் இரண்டு இனம். இரண்டும் புதிது.

வசந்தியின் தம்பி குகன் மார்க்கம் என்ற பக்கத்து நகரில் வீடு விற்பவன். ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "ரெண்டும் வேற வேற எண்டு எப்பிடி அத்தான் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டான். நான் நண்டுக்கறியைப் பார்த்தபடி, முடிந்தவரை நாகரிகமாகச் சொன்னேன். குகன் சாப்பிடுவதை நிறுத்தினான். வசந்தி தண்ணீர் எடுக்கப் போவது போல எழும்பிப் போனாள். அவள் போனதும் அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அத்தான், இவ்வளவு காலமும் அந்த ரூமுக்குள்ள கதவைப் பூட்டிக்கொண்டு உதையோ பாத்துக்கொண்டிருந்தனீங்கள்?"

கொஞ்சம் வடிவானது கிடைக்கவில்லையா

பெரிய ஆணுக்கு ஹெலன் பெயர் வைத்திருந்தார். அந்த மலை யாருடையதோ அந்த மக்களின் முதியவர்களிடம் போய்ப் படத்தைக் காட்டி, பல தடவை பேசி, அவர்கள் தங்கள் மொழியில் கொடுத்த சொல் அது. சின்னதற்குப் பெயர் வைப்பது என் பங்கு. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் வெட்கக்கேடு. மற்றவர்களின் பெயரை வைக்கலாம். வாசலில் கேட்ட 'காண்டி' எனக்கு நினைவு வந்தது. இந்த நாட்டில் ஓர் இடத்திலாவது, ஒருவரும் பாதியாக்க முடியாதபடி, வசந்தி என்று அச்சில் இருக்கட்டும் என்று நினைத்தேன். நான் அவளுக்கு வேறு என்ன கொடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தால் அதிகம் வரவில்லை.

அவள் பெயரை வைக்கப்போவதைச் சொல்லி, படத்தைத் தொலைபேசியில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, பெரிதாக்கி, சின்னதாக்கி, திருப்பிப் பார்த்தாள். "இது பொம்பிளையோ?" என்றாள். ஆண் என்றேன். "கடிக்குமோ?" கடிக்காது என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள். அடுத்த கிழமை பார்த்தால் அந்தப் படம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது. தொழிற்சாலையில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அந்தப் பஞ்சாபிப் பெண் அன்றிலிருந்து அவளை வசந்தி என்றே கூப்பிடுகிறார். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டாள்: "அதுசரி, என்ர பேர் வைக்கிறதுக்குக் கொஞ்சம் வடிவான சீவன் ஒண்டும் கிடைக்கேல்லையோ உங்களுக்கு?"

நடுவில் நின்றவன்

கட்டுரை முடிந்து, படங்களும் முடிந்து, குப்பிகளைத் திருப்பி அனுப்பக் கட்டிக்கொண்டிருந்தேன். 'குஞ்சுகள்' என்று ஹெலன் எழுதி வைத்திருந்த கடைசிக் குப்பியை அதுவரை நான் கொட்டிப் பார்க்கவில்லை. குஞ்சுகளை வைத்து இனம் சொல்ல முடியாது, ஒருவரும் பார்ப்பதில்லை. ஏன் கொட்டினேன் என்று இன்றுவரை என்னைக் கேட்டுக்கொள்கிறேன். இலைத் தூசுக்கு நடுவில் ஓர் ஆண் கிடந்தது. வளர்ந்த ஆண். கொடுக்கு நீளமுமில்லை, கட்டையுமில்லை. பிரித்துப் பார்த்தேன். முட்கள் பாதி வளைந்திருந்தன.

விளங்கிவிட்டது. இரண்டு இனம் இல்லை, ஒரே இனம். சில ஆண்கள் கொடுக்குப் பெருத்துச் சண்டைக்குப் போகும். சில சின்னதாகவே இருந்து, சண்டை நடக்கும்போது பக்கத்தால் நழுவிப் பெண்ணிடம் போகும். இவன் இடைப்பட்டவன். ஓர் இனத்துக்கு ஒரு பெயர்தான். இவனைத் திரும்பக் குஞ்சுகளோடு போட்டு மூடியிருந்தால் என் வாழ்நாளில் ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிறைய நேரம் இருந்தேன். நேர்மையால்தான் மூடவில்லையா, இல்லை, கண்டதை எழுதிப் பழகிய கைப்பழக்கமா, எனக்குத் தெரியாது. வசந்தியின் பெயரைவிட ஒரு முள்ளின் வளைவு எனக்குப் பெரிதாகப் போய்விட்டதா என்றும் தெரியாது.

ஹெலனைத் திரையில் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நல்ல மனுசி. முதியவர்களிடம் போய்ப் பேசிப் பார்க்கட்டுமா, அந்தப் பெயரை வேறொன்றுக்கு வைக்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். தங்கள் மலைக்கும் ஆற்றுக்கும் வந்தவன் போனவனெல்லாம் பெயர் வைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். சொந்த நாட்டில் ஊர்ப்பெயர்ப் பலகைகள் மாறியதைப் பார்த்துவிட்டு வந்த நான், கொடுத்த சொல்லைத் திருப்பி எடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? ஹெலன் தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்: "சரி, வசந்திக்கு யார் சொல்வது?"

கேக்

அந்தச் சனிக்கிழமை குகன் வீட்டில் ஒரு சின்னக் கொண்டாட்டம். அக்காவின் பெயரில் ஓர் உயிரினம் என்று அவன்தான் எல்லோரையும் கூப்பிட்டிருந்தான். நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று நான் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் மார்க்கத்துக்குப் போகும் வழியில், நெடுஞ்சாலை நெரிசலில் கார் நின்றபோது சொன்னேன். முட்கள், நடுவில் நின்றவன், முதியவர்கள் கொடுத்த சொல், எல்லாவற்றையும். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். புடவைக்குப் பொருத்தமாகப் புதுக் காப்பு போட்டிருந்தாள். அதை நான் வீட்டில் கவனிக்கவில்லை.

"அப்ப அவன் வேற இனம் இல்லை, சின்னவன். அவ்வளவுதானே?" என்றாள் கடைசியில்.

"ஓம்."

"நீங்கள் சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது."

"ஓம்."

முன்னால் வாகனங்கள் நகர்ந்தன. குகன் கேக்கின் படத்தை ஏற்கெனவே அனுப்பியிருந்தான்: சொக்கிலேற்றில் எட்டு நீளக் கால், நடுவில் அவள் பெயர். அவள் அதை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத் தொலைபேசியைப் பைக்குள் வைத்தாள். "அங்க போய் மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. கேக் செய்தாச்சு, சனத்தையும் கூப்பிட்டாச்சு. பேர் வயித்துக்குள்ள போகட்டும்."

நன்றியுரை

கட்டுரை வெளிவந்தது. புதிய இனம் ஒன்று. முதியவர்கள் கொடுத்த பெயர். பெரிய ஆண், நடுத்தர ஆண், சின்ன ஆண் மூன்றுக்கும் படம். நான் செய்ததில் இதுதான் நல்ல வேலை என்று ஹெலன் சொன்னார். பெயர்தான் போய்விட்டது, நன்றியாவது இருக்கட்டும் என்று கடைசிப் பந்தியில், இந்த வேலையை இத்தனை வருடமும் தாங்கிய வசந்திக்கு நன்றி என்று எழுதியிருந்தேன். அச்சுக்கு முன் பார்க்கத் தந்தபோது முட்களின் அளவுகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். நன்றியுரையைப் பார்க்கவில்லை. அதில் பிழை வர என்ன இருக்கிறது?

வசந்தி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த படத்தை எடுக்கவேயில்லை. பெயர் இல்லாவிட்டாலும் பழகிவிட்டது என்றாள். கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அந்த ஏட்டில் எல்லோருடைய முதற்பெயரையும் ஓர் எழுத்தாக்கிக் குடும்பப் பெயரை முழுதாகப் போடுவது வழக்கமாம். 'வி. கந்தையா' என்றிருந்தது. நானும் அப்போதுதான் பார்த்தேன். திருத்தச் சொல்கிறேன் என்றேன். அச்சானது அச்சானதுதான் என்று இருவருக்கும் தெரியும். அவள் தாளை நான்காக மடித்து என் கையில் தந்துவிட்டுச் சொன்னாள்: "உங்கட அப்பாவுக்கு நன்றி சொல்லியிருக்கிறியள். நல்லது, மனுசன் சந்தோசப்படும்."

பயறளவு பிராணி ஒன்றின் ஆகச் சிறிய முள் எந்தப் பக்கம் வளைகிறது என்பதை உலகத்தில் என்னைவிட நன்றாகப் பார்க்கக்கூடியவர்கள் அதிகம் பேர் இல்லை என்கிறார்கள்; எனக்குக் கிட்டப்பார்வை என்று வீட்டில் முன்பே சொல்லியிருக்கிறார்கள்.