தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கிளாம்பு

என் வீட்டுக்காரர் தங்கதுரைக்கு எதையும் தட்டிப் பார்க்காவிட்டால் இருப்புக் கொள்ளாது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக அதுதான் வேலை. சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளை விரல் முட்டியால் தட்டுவார். 'கணீர்' என்றால் நல்லது. 'பொத்' என்றால் உள்ளே விரிசல், குப்பைக்குப் போகும். என்னைப் பெண் பார்க்க வந்தபோது டீ கொடுத்த பீங்கான் கப்பையும் தட்டினார். அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

எங்கள் மகள் வெண்பா பரங்கிப்பேட்டைப் பக்கம் கழிமுகத்தில் படகு ஓட்டுகிறாள். பின்னால் கயிறு கட்டி, ரப்பர் மிதவையில் ஆட்களை உட்கார வைத்து இழுத்துப் போகிற படகு. போன வாரம் மிதவையிலிருந்து ஒருவர் விழுந்ததைக் கவனிக்காமல் வெகுதூரம் போய்விட்டாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முதலாளி, "பின்னாடி பாக்கற கண்ணாடி ஒண்ணு மாட்டு. ஞாயித்துக்கிழம ஓட்டிக் காட்டு. ஆள் வுழுந்தது தெரியலேன்னா வேற வேல பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டார்.

கண்ணாடி வாங்கியாயிற்று. அதைப் படகில் பிடித்து நிறுத்தும் கிளாம்பில்தான் குழப்பம். வெண்பா இரண்டு கொண்டுவந்தாள். ஒன்று முழுக்க இரும்பு. இன்னொன்றுக்கு நடுவே தடித்த ரப்பர்.

மூன்று நாள் வீட்டில் நிம்மதி இல்லை. சோற்றில் கை வைப்பார், எழுந்து போய் இரண்டையும் தட்டுவார், திரும்ப வந்து உட்காருவார்.

"இது கணீர்னு இருக்குது பாப்பா. அது பொத்துன்னு கேக்குது, நம்பாத."

"கடைக்காரரு ரப்பர் வச்சதத்தான் எடுக்கச் சொன்னாருப்பா."

"அவரு விக்கறவரு. நான் தட்டிப் பாக்கறவன்."

அவள் இரும்புக் கிளாம்பையே கண்ணாடியோடு எடுத்து வைத்தாள். கடைக்காரர் சொன்னதைக் கேளுங்கள் என்று நானாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் என் மேலேயே இன்னும் இருக்கிறது.

ஞாயிறு காலை ஸ்ரீமுஷ்ணம் வழியாக பஸ் பிடித்துப் போனோம். ரப்பர் கிளாம்பையும் என் பையில் போட்டுக்கொண்டேன். வழி நெடுக ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தார். அங்கே போனதும் மிதவையில் தானே உட்காருவேன் என்றார். நீச்சல் தெரியாத மனுஷன்.

"ஆழம் தெரியாம கால வுடாதீங்க" என்றேன்.

"லைஃப் ஜாக்கெட்டு போட்டிருக்கறேன்ல. எம்பொண்ணு வேலைக்கு நாந்தான் வுழுவேன்."

படகு வேகமெடுத்தது. சொன்னபடி பிடியை விட்டுத் தண்ணீரில் விழுந்து கையைத் தூக்கினார். படகு போய்க்கொண்டே இருந்தது. கரையிலிருந்து கத்தினேன், இன்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? படகில் கூட இருந்த முதலாளி தோளைத் தொட்ட பிறகுதான் வெண்பா திரும்பினாள்.

"கண்ணாடி ஒரே ஆட்டம்ப்பா. எல்லாம் கலங்கலாத்தான் தெரிஞ்சுது" என்று கரையில் அழுதாள். அந்தக் கணீர் இரும்பு இன்ஜினின் அதிர்வை அப்படியே கண்ணாடிக்குக் கடத்தியிருக்கிறது. ரப்பர் என்றால் வாங்கி அடக்கியிருக்கும்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஈரம் சொட்டச் சொட்ட அவர் என் பையிலிருந்து ரப்பர் கிளாம்பை எடுத்தார். விரல் முட்டி தானாக மடங்கியது. தட்டாமல் மகள் கையில் கொடுத்தார்.

"தப்பு என்னுது சார். எம்பொண்ணுக்கு இன்னொரு வாட்டி குடுங்க. நானே வுழறேன்" என்றார் முதலாளியிடம். இந்த மனுஷன் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

கிளாம்பை மாற்றிய பிறகு இரண்டாம் முறை விழுந்தவருக்குக் கையைத் தூக்கவே நேரமில்லை. அதற்குள் படகு அவர் பக்கம் திரும்பிவிட்டது.