ட்யூப்காரர் காட்டிய சோதனை

பழ ஆராய்ச்சி லேபில் எல்லாருக்கும் அவர் ட்யூப்காரர். இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி, காயவைத்து, சாறு அளந்து ஊற்றுகிற உதவியாளர். கடைசி நாலு வருஷமாக எல்லாம் கருப்பு ராஸ்பெர்ரிதான். அந்தப் பழச்சாற்றுக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சக்தி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு ஊதாக் கரைசல். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடுமென்று அலுமினியத் தாள் சுற்றி வைத்திருப்பார்கள். நாலு சொட்டு சாறு விட்டால் ஊதா வெளிறி மஞ்சளாகும். சக்தி அதிகமென்றால் நிறம் அதிகம் போகும். சோதனை அவ்வளவுதான்.

மனைவிக்கு வயிற்றில் புற்றுக்கட்டி என்று தெரிந்த வாரம் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு குழாய் ஊதாவையும் கொஞ்சம் சாற்றையும் வீட்டுக்கே கொண்டுவந்து, அவள் கண்முன் ஊற்றிக் காட்டினார்.

"பாத்தியா? உன் கட்டியும் இப்படித்தான் கரையும்."

தைரியம் கொடுக்கத்தான் சொன்னார். அவளோ கணக்கு டீச்சர். கண்ணால் பார்த்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முதல் தடவை மருந்து ஏற்றியதில் முடி கொட்டி, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்ததும், "எனக்கு அந்தச் சாறே போதும்" என்று ஆஸ்பத்திரிக்கு முழுக்குப் போட்டுவிட்டாள். லேபில் மிஞ்சிய பழத்தைப் பிழிந்து இவரும் தினம் ஒரு டம்ளர் கொடுத்தார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்கு என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடாது.

ஐந்து மாதத்தில் அவள் எலும்பும் தோலுமானாள். ஒருநாள் காலை மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றுதான் அவருக்கு உறைத்தது. சாயங்காலம் இன்னொரு குழாய் ஊதாவோடு வந்தார். இந்தத் தடவை சாறு இல்லை. அவள் மிச்சம் வைத்த பால் விடாத டீயில் நாலு சொட்டு எடுத்து விட்டார். ஊதா அதே மாதிரி வெளிறி மஞ்சளானது.

"டீக்கும் போகுது பார். எலுமிச்சம்பழத்துக்கும் போகும். இது குழாய்க்குள்ள நடக்கறது. உடம்புக்குள்ள என்ன நடக்கும்னு எங்க லேப்ல யாருக்கும் தெரியாது. நான்தான் உளறிட்டேன்."

அவள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருஷமா மூணு வேளையும் டீ குடிக்கறேன். அப்புறம் எனக்கு ஏங்க வந்துச்சு?"

அவர் குழாயை மேஜை ஓரமாக வைத்தார்.

"இத அன்னைக்கே காட்டியிருக்கலாமே" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "சரி, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

போனார்கள். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். மருந்து ஏற்றும் தேதி குறிக்கிற அட்டையை இவர் நீட்ட, டாக்டர் அதைக் கையில் வாங்கவே இல்லை. கட்டி ஈரலுக்கும் பரவிவிட்டதாம்.

"வலிக்கு மாத்திரை எழுதித் தர்றேன். பிடிச்சதச் சாப்பிடட்டும்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ட்யூப்காரர் தேம்பித் தேம்பி அழுதார். அவள் கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டினாள்.

"ஃப்ரிட்ஜ்ல அந்தச் சாறு இருக்கா? கொண்டாங்க."

"அதுல ஒண்ணும் இல்லம்மா..."

"தெரியும். வாய்க்கு நல்லா இருக்கும், அதுக்குத்தான்."

சாற்றை ஊற்றிக் கொண்டுவந்து டம்ளரை அவள் வாயருகே பிடித்தார். இரண்டு வாய் குடித்தாள். மூன்றாவது வாய் இறங்கவில்லை.