சுடாத பாதம்

போன வருடத் தைப்பூசத்தில் கிள்ளானில் பால்குடம் எடுத்தேன். உச்சி வெயில், தார் ரோடு கொதித்தது. கூட வந்தவர்களெல்லாம் தண்ணீர் ஊற்றிய இடமாகத் தேடித் துள்ளினார்கள். நான் மட்டும் வீட்டுக் கூடத்தில் நடப்பது மாதிரி நடந்தேன். முருகன் அருள் என்றார்கள். என் மனைவி மஞ்சள் நீரை என் காலில் ஊற்றி விழுந்து கும்பிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் லோரி ஓட்டும் யார்டில் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் அதைச் சொல்லிப் பெருமையடித்தேன்.

இந்த வருடத் தைப்பூசத்துக்கு மூன்று வாரம் முன்பு அரசாங்க கிளினிக்கிலிருந்து தாதி போன் செய்தார். மிஸ்ஸி என்றுதான் இங்கே மலேசியாவில் தாதியைக் கூப்பிடுவோம். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, என்று பதிந்து இரண்டு வருடமாகியும் கால் சோதனைக்கு நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. இது அவருடைய நான்காவது போன். இந்தப் பெண்ணுக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிச்சலோடுதான் போனேன்.

மிஸ்ஸிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். படுக்கச் சொன்னார்.

"கண்ண மூடிக்குங்க அங்கிள். ஒரு நைலான் நரம்பால பாதத்துல தொடுவேன். தொடறது தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க."

கண்ணை மூடிக் காத்திருந்தேன். வெளியே நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லோரியை வேறு கண்ட இடத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தேன். பொறுமை போய்விட்டது.

"எப்ப மிஸ்ஸி ஆரம்பிப்பீங்க?"

"ரெண்டு காலும் முடிஞ்சிருச்சு அங்கிள்."

நான் ஒரு 'ம்' கூடச் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"என் காலு அப்படித்தான் மிஸ்ஸி. போன தைப்பூசத்துல தார் ரோட்டுல நடந்தேன், சுடவே இல்லலா."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அப்புறம் கொப்புளம் வந்துச்சா?"

வந்தது. இரண்டு பாதத்திலும் வந்து, ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதையும் முருகன் கணக்கில்தான் வைத்திருந்தேன்.

"அது இனிப்பு நீர் செஞ்ச வேலை அங்கிள். நரம்பு மரத்துப் போச்சு. ஆணி குத்துனாலும் தெரியாது. தெரியாமலே நடந்து, புண்ணு அழுகுன பிறகுதான் நெறைய பேரு இங்க வராங்க. அப்ப கால வெட்டச் சொல்லிடுவாங்க. உங்களுக்கு இன்னும் புண்ணு இல்ல. அப்படி ஆகக் கூடாதுன்னுதான் நாலு தடவ போன் பண்ணேன்."

ஒரு நாளைக்கு எத்தனை தே தாரேக், அந்த இனிப்புப் பால் டீ, குடிக்கிறேன் என்று கேட்டார். ஐந்து என்றேன். பொய், ஏழு. இனி பாலும் சீனியும் இல்லாத தே ஓ குடிக்கச் சொன்னார். தினமும் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்க்க வேண்டும், ஷூவுக்குள் கை விட்டுத் தடவிய பிறகே போட வேண்டும் என்றார். வெறுங்காலோடு இனி எங்கேயும் கூடாது, கோயில் ஊர்வலத்திலும் கூடாது.

லோரியில் ஏறி உட்கார்ந்தபோதுதான் உண்மையான பயம் பிடித்தது. இருபத்தைந்து வருடமாக இந்தக் காலை நம்பித்தான் பிரேக் மிதிக்கிறேன். சிக்னலில் மிதித்தேன். மிதித்தேனா என்று குனிந்து பார்த்தேன். பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "அப்ப நான் கால்ல விழுந்தது..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். நேர்த்திக்கடன் மூன்று வருடத்துக்கு. இன்னும் இரண்டு பாக்கி. "மிச்சத்த நான் எடுக்கறேன்" என்றாள்.

தைப்பூசத்தன்று குடம் அவள் தலையில் இருந்தது. நான் ஷூவோடு பக்கத்தில் நடந்தேன். பாதி வழியில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "சுடுதுங்க" என்றாள்.

பாட்டில் தண்ணீரை அவள் காலில் ஊற்றினேன். முருகா, எனக்கும் ஒரே ஒரு தடவை சுடட்டும் என்று வேண்டிக்கொண்டே ஊற்றினேன்.