லட்டுப் பந்தலுக்குத் திரும்பிய அணி

எனக்கு நடக்க வராது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. அணிவகுப்பில் ஒருமுறை என்னைப் பார்த்தவர்கள் மட்டும் நம்புவார்கள். இடது கால் புறப்பட்டால் இடது கையும் கூடவே கிளம்பிவிடும். அதனால்தான் எங்கள் பள்ளியின் சுதந்திர தின அணியில் என் கழுத்தில் டிரம்மை மாட்டி, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார்கள். அணித் தலைவி என் அக்கா.

நெய்வேலி டவுன்ஷிப்பில் அப்போது பள்ளிகளுக்குள் போட்டி என்றால் அணிவகுப்புக் கேடயம்தான். வருஷா வருஷம் அதைப் பக்கத்து பிளாக் பள்ளியே தூக்கிக்கொண்டு போகும். அக்காவுக்கு அது கடைசி வருஷம். விட்டால் அப்புறம் வாய்ப்பே இல்லை. விழா அன்று காலை என் காதைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“என்ன ஆனாலும் நிறுத்தாத. குனிஞ்ச தல நிமிராம கொட்டிக்கினே இரு. தாளம் தப்புச்சுன்னா வூட்டுப் பக்கம் வந்துடாதடி.”

மைதானத்துச் செம்மண் புழுதி விருந்தினர் மேல் படியக் கூடாது என்று தண்ணீர் லாரிக்குச் சொல்லியிருந்தார்கள். லாரிக்காரருக்கு இரவு ஷிப்ட். அந்தக் கோடியிலிருந்து தாராளமாக நனைத்துக்கொண்டே வந்தவர், மைதானத்தின் நடுவில் இருக்கும்போது ஷிப்ட் முடிந்ததற்கான சுரங்கச் சங்கு ஊதியது. எங்கள் ஊரில் சங்கு ஊதினால் ஓங்கிய கையைக்கூட அப்படியே இறக்கிவிடுவார்கள். லாரி குறுக்கே திரும்பி வாசலுக்குப் போய்விட்டது. ஈரத்தின் விளிம்பு மூலைவாட்டமாக நின்றது.

“மீதி?” என்றார் விளையாட்டு ஆசிரியர்.

“அடுத்த ஷிப்ட்டுக்காரரு வந்து ஊத்துவாருங்க சார்,” என்றார் காவலாளி.

“அவரு எப்ப வருவாரு?”

“அவருக்கு இன்னிக்கு லீவாச்சேங்க. சுதந்திர தினம்!”

ஆக, காய்ந்த தரையில் புறப்பட்டுச் சேற்றில் முடிக்க வேண்டிய அணிவகுப்பு.

நான் குனிந்து கொட்டினேன். டிரம்முக்கு அப்பால் கால்கள் மட்டும் தெரிந்தன; மற்றதெல்லாம் பிறகு பார்த்தவர்கள் சொன்னது. மேடை நெருங்கியதும் அக்கா குரல் கொடுக்க, எல்லா முகங்களும் வலப்பக்கம் மேடையை நோக்கித் திரும்பின. அந்த நேரம் பார்த்து முதல் வரிசையின் இடது ஓரம் சேற்றில் இறங்கியது. சேறு ஷூவைப் பிடித்துக்கொண்டது. கொட்டுக்கு ஓர் அடி என்பது மாறவில்லை, அடிதான் பாதியாகிவிட்டது. வலது ஓரமோ இன்னும் காய்ந்த தரையில் வீசி நடந்தது. வரிசை மெல்ல இடப்பக்கம் திரும்பிவிட்டது. பின்னால் வந்த ஒவ்வொரு வரிசையும் அதே விளிம்பில் அப்படியே திரும்பியது. வரிசைகளுக்கு இடையில் இருந்த கை நீள இடைவெளி சுருங்கி, முன்னே போனவளின் ரிப்பன் பின்னே வந்தவளின் மூக்கில் உரசியது. ஆனால் யாரும் யார் மேலும் மோதவில்லை. முகங்கள் மேடையைப் பார்த்திருக்க, கால்கள் எதிர்ப்பக்கம் லட்டு வைத்திருந்த பந்தலை நோக்கி நடந்தன.

அக்கா முன்னால் தனியாகப் போனதால் அவளைத் திருப்பிவிட ஆளில்லை. விறைப்பாக சல்யூட் அடித்தபடி, தன் பின்னால் ஒரு படையே வருகிற மிடுக்கோடு, ஒற்றையாக மேடையைக் கடந்தாள். கூட்டம் ஊளையிட்டது. நான் நிறுத்தவில்லை.

அடுத்து வந்தது பக்கத்து பிளாக் பள்ளி. அவர்களுடைய டிரம்காரி முன்வரிசையோடு நடந்தாள். என்னைப்போல் அல்ல, புத்திசாலி. சேற்றில் தோழிகள் திணறுவதைப் பார்த்து இரக்கப்பட்டுத் தாளத்தைக் குறைத்தாள். கூட்டத்தின் கூச்சலில் அது பின்வரிசைகளுக்குக் கேட்கவில்லை; அவர்கள் பழைய வேகத்திலேயே கொட்டாத கொட்டுக்கு நடந்து வந்தார்கள். முன்னே நகர்கிறவர்கள் குறைவு, பின்னே வந்து சேர்கிறவர்கள் அதிகம். சற்று நேரத்தில் ஈர விளிம்பில் வெள்ளைச் சீருடைகள் சலவைக்குப் போட்டதுபோல் குவிந்து கிடந்தன.

தலைமை விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்க போறோம்னு தெரியாட்டியும் கடைசிவரைக்கும் காலு தப்பாம போனாங்க” என்று கேடயத்தை எங்களுக்கே கொடுத்துவிட்டார்.

வீட்டில் கேடயத்தை மடியிலிருந்து இறக்காமலே அக்கா பொரிந்தாள். “நான் மட்டும் தனியா போறேன்ல, நிமிந்து பாத்து நிறுத்த வேணாமாடி?”

“நீதான நிமிராதன்ன?”

அக்கா இன்று கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. ஒளி கண்ணாடிக்குள் நுழையும் பாடம் வந்தால், மூலைவாட்டமாக ஒரு கோடு போட்டு இந்தக் கதையைத்தான் சொல்கிறாள். உள்ளே போனதும் வேகம் குறைகிறது; அதே விகிதத்தில் அலைநீளம் சுருங்குகிறது; பாதை திரும்புகிறது. அதிர்வெண் மட்டும் மாறுவதில்லை. அதனால்தான் சிவப்பு தண்ணீருக்குள்ளும் சிவப்பாகவே இருக்கிறது. விளிம்பில் அதிர்வெண் மாறுமானால் அலைகள் அந்தப் பக்கத்து பிளாக் பெண்களைப்போல் அங்கேயே குவிய வேண்டியதுதான்.

ஒருநாள் அவள் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானும் அந்தக் கதையைக் கேட்டேன். சேறு வந்தது, ரிப்பன் வந்தது, சல்யூட்கூட வந்தது. டிரம் வரவில்லை. “அப்ப அதிர்வெண்ண எது மேம் முடிவு பண்ணுது?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

“ஒளி எங்கருந்து கெளம்புதோ, அங்கயே முடிவாயிடும்மா,” என்றாள் அக்கா, என் பக்கம் திரும்பாமல்.

கொடிக்கம்பத்தடியில் டிரம்மோடு நின்ற அந்தச் சிறுமிக்கு இதெல்லாம் தெரியாது. கால்கள் பந்தல் பக்கம் போவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுடைய ஒரே கவலை, இவ்வளவு பேரும் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால் தனக்கு லட்டு மிஞ்சுமா என்பதுதான்.