கராத்தே பிறந்த ஊர்கள்

கராத்தே மூன்று ஊர்களில் பிறந்தது. நானே சாட்சி. மூன்று பிறப்பும் ராஜபாளையத்தில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தாறு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன், சாயங்காலம் நின்றுகொண்டே வருவேன். 'பெண்களுக்குத் தற்காப்புக் கலை' என்று சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை முதலில் பார்த்தது மதினிதான், என் அண்ணன் மனைவி.

"ஏட்டி, பஸ்ஸுல போறவ நீ. கத்துக்கிட்டா ஒனக்குத்தான நல்லது? தொணைக்கு நானும் வாரேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அடுப்படியை விட்டு வெளியே இருக்கலாம் என்பதையும் அவள் யோசித்திருப்பாள். சொல்லவில்லை.

அப்பாவுக்குத்தான் பெரிய கவலை. "கராத்தே படிச்ச பொண்ண எவன் கட்டுவான்?"

"படிக்காம இருந்தப்ப மட்டும் வாசல்ல க்யூவுலயா நின்னாக, மாமா?" என்றாள் மதினி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாஸ்டர் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மதுரையில் கற்றுக்கொண்டு கறுப்பு பெல்ட்டும் ஒரு சர்டிபிகேட்டும் வாங்கி வந்திருந்தார். சர்டிபிகேட் முழுக்க ஜப்பான் எழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆகவே சந்தேகப்பட வழியே இல்லை.

உடை மாற்ற எங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் மணமகள் அறை. கல்யாணமாகாத நான் வாரம் தவறாமல் மணமகள் அறைக்குள் போய், வெள்ளைப் பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வருவேன். முகூர்த்த நாட்களில் வகுப்பு கிடையாது. அன்றைக்கு அந்த அறைக்கு நிஜமாகவே ஒரு மணமகள் வந்துவிடுவாள்.

முதல் ஞாயிறு கராத்தே ஜப்பான் பக்கத்து ஒரு தீவில் பிறந்தது. "ராஜா வாளு, ஈட்டி எல்லாத்தையும் பிடுங்கிட்டாரு. சனங்க என்னக்கா செய்யும்? வெறுங்கையாலயே சண்டை போடப் பழகிருச்சு" என்றார் மாஸ்டர். எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது.

இரண்டாவது ஞாயிறு அது சீனாவுக்குப் போய்விட்டது. மலை மேல் ஒரு மடம், அதில் துறவிகள். அவர்கள் புலி, பாம்பு, கொக்கு எல்லாவற்றையும் பார்த்துச் சண்டை கற்றுக்கொண்டார்களாம்.

"புலி சரி மாஸ்டர். கொக்கப் பாத்து என்னத்தக் கத்துக்கிட்டாக?" என்று மதினி கேட்டாள். பதிலாக எங்கள் பதினொரு பேரையும் பத்து நிமிஷம் ஒற்றைக்காலில் நிற்க வைத்தார்.

மூன்றாவது ஞாயிறு மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டார். "அந்தத் துறவிகளுக்கே சொல்லிக் குடுத்தது யாருன்னு நெனைக்கிய? நம்ம காஞ்சிபுரத்து எளவரசரு!" எல்லோரும் கை தட்டினோம். ஏழு கடல் தாண்டிக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை ஏற்கெனவே நம்முடையதுதான் என்று தெரிந்தால் எவ்வளவு நிம்மதி! அதற்குப்பிறகு யாரும் அவ்வளவாக முயற்சி செய்யவில்லை. இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் கராத்தே எங்கள் ஊர் தென்காசி ரோட்டிலேயே பிறந்திருக்கும்.

அடுத்து தத்துவம். கராத்தே என்றால் வெறுங்கை. கை காலியாக இருந்தால் போதாது, மனசும் காலியாக இருக்க வேண்டும். சண்டை போடுகிறவனைவிட சண்டையைத் தவிர்க்கிறவனே பெரிய வீரன். தொண்டையிலிருந்து கத்தக் கூடாது, அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கடைசிப் பாடத்தில் நாங்கள் எல்லோரும் பெயில். பதினொரு பெண்கள் சேர்ந்து கத்தினால் பக்கத்து அறையில் யாரோ தும்மியதுபோல் கேட்கும்.

நாலு மாதம் இப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை நான் ஏறிய பஸ்ஸில் மாஸ்டரும் இருந்தார். தாலுகா ஆபீஸில் ஏதோ வேலையாம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குள் ஒரு தைரியம்: கறுப்பு பெல்ட்டோடு போகிறேன்.

பாதி வழியில் பின்னால் நின்ற ஆளின் கை என் இடுப்பில் பட்டது. விலகினேன். கையும் கூடவே விலகி வந்தது. திரும்பிப் பார்த்தால் நெற்றி நிறையச் சந்தனம், அப்பா வயது, முகத்தில் அப்படியொரு சாந்தம்.

கராத்தேப்படி முதலில் காலை அகட்டி நிற்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒரு காலை வைக்கவே இடமில்லை. பிறகு தடுப்பு. வலது கையா, இடது கையா? எல்லாம் மறந்துவிட்டது. மாஸ்டர் சொன்ன அந்தக் காலி மனசு கடைசியில் எனக்கு வாய்த்தேவிட்டது.

மாஸ்டரைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எங்கள் கண்கள் சந்தித்தன. அவர் மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்தச் சந்தனக்காரருக்கு உரியதல்ல. "கையை எடுறா நாயே!" என்று ஒரு சத்தம். என் குரல்தான் என்று நம்பவே செத்த நேரம் ஆனது. கூடவே குதிகாலைத் தூக்கி அவர் பாதத்தில் இறக்கினேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "கூட்டத்துல தெரியாமப் பட்டிருக்கும்" என்றார் அவர், ஒற்றைக்காலில் நின்றபடி. "வயசான மனுசன், விட்டுரும்மா" என்றார் உட்கார்ந்திருந்த ஒருவர். நியாயம் பேச உட்கார இடம் கிடைத்தால் போதும். கண்டக்டர் மட்டும் விசில் ஊதி ஊருக்கு முந்தின மடவார் வளாகம் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தினார். "எறங்குங்க ஸார். நடந்தா காலுக்கு நல்லது" என்றார்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில்.

வீட்டில் மதினியிடம் மட்டும் சொன்னேன். அவளால் ஞாயிறு வரைதான் பொறுக்க முடிந்தது. வகுப்பில் மாஸ்டர் சண்டையைத் தவிர்க்கும் வீரனைப் பற்றி ஆரம்பித்ததும் கையைத் தூக்கினாள்.

"மாஸ்டர், பஸ்ஸுல கண்ண மூடிக்கிடறது எத்தனாவது ஸ்டெப்பு?"

அவர் தத்துவம் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அதற்குப் பதில் சொல்ல ஆறு நாளாக மனசுக்குள் வார்த்தைகளைத் தீட்டி வைத்திருந்தேன். அவரோ கீழே உட்கார்ந்துவிட்டார்.

"பயந்துட்டேன்க்கா" என்றார். "மில்லுல எவனாவது சட்டையப் பிடிச்சாக்கூட எனக்குக் கை கால் வெலவெலத்துரும். அது போகட்டும்னுதான் கராத்தேக்கே போனேன். பெல்ட்டு குடுத்துட்டாக. பயம் மட்டும் போகல."

நான் தீட்டி வைத்திருந்த வார்த்தைகள் ஒரு மாஸ்டருக்கானவை. அவரை முதல் தடவையாக ஒரு இருபத்து நாலு வயசுப் பையனாகப் பார்த்தேன்.

அவரே நிமிர்ந்து கேட்டார். "நீங்க எப்படிக்கா கத்துனிய? ஒரு தடவ செஞ்சு காட்டுங்க."

மற்ற பத்து பேர் நடுவில் எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கத்திக் காட்டினேன். பிறகு ஒவ்வொருவராக முயன்றார்கள். ஒரு டீச்சருக்கு இருமல்தான் வந்தது. மதினி கத்தியபோது மண்டபத்து வாட்ச்மேன் கம்போடு ஓடி வந்தார். கடைசியில் மாஸ்டரும் கத்தினார். சுமாராகத்தான் இருந்தது.

அதற்குப்பிறகு வகுப்பில் இளவரசர்களும் கொக்குகளும் குறைந்தார்கள். இடமில்லாத கூட்டத்தில் எப்படி நிற்பது, முழங்கையை எங்கே வைப்பது என்று பாடம் மாறியது. பெஞ்சுகளை நெருக்கிப் போட்டுப் பஸ்போல வைத்துப் பழகினோம். மாஸ்டர்தான் சந்தனக்காரராக நடிப்பார். மதினியிடம் வாங்கிய மிதியில் ஒரு வாரம் நொண்டிக்கொண்டே மில்லுக்குப் போனாராம்.

நான் இரண்டு பெல்ட் வாங்கினேன். மூன்றாவதற்குள் கல்யாணமாகி விருதுநகர் போய்விட்டேன். மதினி விடவில்லை. தொண்ணூறுகளில் மாஸ்டருக்கு ஷிஃப்ட் மாறிய வாரங்களில் அவள்தான் வகுப்பு எடுத்தாள். அப்பா அப்போதெல்லாம் மண்டபத்து வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருந்து, மருமகளை வீட்டுக்கு அழைத்து வருவார்.