புண்ணாக்குக் கூழ்

எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அறுபதுகளின் தொடக்கத்தில் பயிற்சி முடித்து, எடப்பாடிப் பக்கம் ஒரு நெசவாளர் ஊருக்குக் கிராம சேவிகாவாக வந்தபோது அந்தக் கர்வம் கூடவே வந்தது. வேறு துணை வரவில்லை.

பால் வாங்க முடியாத வீட்டுக் குழந்தைகளுக்கென்று அரசாங்கத்தில் ஒரு மூட்டை சத்துமாவு தந்திருந்தார்கள். நிலக்கடலை மாவும் பொட்டுக்கடலை மாவும் கலந்து, வைட்டமின்கள் சேர்த்தது. முதல் நாள் கூழ் காய்ச்சி வைத்துக்கொண்டு, கூடியிருந்த பெண்களிடம் பயிற்சி நோட்டில் எழுதியிருந்தபடியே விளக்கினேன். கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுவதைச் சுத்தம் செய்து அரைத்த மாவு இது என்றேன்.

"ஏனுங்க அம்மிணி, அப்படீன்னா புண்ணாக்குத்தானுங்களே?" என்றாள் ஒருத்தி. "எங்கூட்டு எருமை கேட்டா சந்தோசப்படும் போங்க."

சிரித்துக்கொண்டே எல்லோரும் எழுந்து போனார்கள். மறுநாள் யாரும் வரவில்லை.

எதிர்வீட்டுப் பிள்ளைதான் என்னை உறுத்தினான். இரண்டு வயது தாண்டியும் நடக்கவில்லை. பாதம் வீங்கி, தலைமுடி செம்பட்டையாகி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். மழைக்காலத்தைத் தாண்டமாட்டான் என்று தோன்றியது. ஆனாலும் போய்க் கெஞ்ச எனக்கு மனம் வரவில்லை. தினமும் காய்ச்சி, நானே குடித்தேன். எட்டு நாள் அப்படிப் போயிற்று.

ஒன்பதாம் நாள் கூழ் ஊற்றிய தூக்குப்போசியோடு அந்த வீட்டு வாசலில் நின்றேன். தாய் ராட்டையில் தறிக்கான நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க திம்பீங்களா இத?" தலை நிமிராமல் கேட்டாள்.

"எட்டு நாளா எனக்குச் சாப்பாடே இதுதானுங்க."

ராட்டை நின்றது. "ஒண்டியாவா?"

"ஆமாங்க."

மறுபடி ராட்டையைச் சுற்றினாள். "பொடக்காலிப் பக்கமா வாரேனுங்க. முன்னால வந்தா ஊரு சிரிக்கும்."

அன்றிலிருந்து பொழுது சாய்கையில் கிண்ணத்தோடு என் பின்கதவுக்கு வருவாள். பேச நிற்கமாட்டாள். தெருவில் எதிர்ப்பட்டால் அறியாதவள்போல் போவாள். பிள்ளையின் வீக்கம் மெல்ல வடிந்தது.

தை மாதத்தில் ஒரு காலை, தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்த தெருவில் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை தத்தித் தத்தி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டான். பாவு போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"சாமி, யாரு எவருன்னு தெரியாம போயிப் புடிக்கற. இங்க வா," என்றாள் தாய்.

நான் அவன் விரல்களை விடுவித்தேன். அவன் திரும்பி, பாவுக்கு அடியில் நுழைந்து, தன் காலாலேயே நடந்து அவளிடம் போனான்.