காலையில் புளிக்கும் இலை

என் வீட்டுக்காரர் கம்பத்தில் ஜீப் ஓட்டினார். விடியும் முன்பே தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போவார். சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, ஒரு சித்திரையில் அவருக்கு இடது விலாவுக்குக் கீழே வலி வந்தது. வளர்ந்த ஆம்பளை தரையில் உருண்டு அழுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். தேனி டாக்டர் கிட்னியில் கல் என்றார். கொஞ்ச நாள் ஜீப் ஓட்டக் கூடாது, ஆடியில் மறுபடி வந்து ஸ்கேன் எடுக்க வேண்டும், கல் நகர்ந்து குழாயை அடைத்துக்கொண்டால் சில பேருக்கு வலியே இல்லாமல் கிட்னி கெட்டுப்போகும், அப்போது ஆபரேஷன்தான் என்று பொறுமையாகச் சொன்னார். அத்தனையிலும் இவர் காதில் விழுந்தது ஆபரேஷன் என்ற ஒரே சொல்தான்.

மருந்து ஜீப் ஸ்டாண்டிலிருந்து வந்தது. எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலேயே கேட்பாரற்று வளர்ந்து கிடந்த ரணகள்ளிதான். தடித்த இலை, பறித்து மண்ணில் போட்டால் அதன் ஓரத்திலேயே குட்டிச் செடிகள் முளைக்கும். தினம் ஓர் இலையை வெறும் வயிற்றில் தின்றால் கல் கரையும் என்று கூட ஓட்டும் டிரைவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்த டிரைவர் அதோடு நிறுத்தியிருந்தால் நான் அவரைத் திட்டியிருக்கமாட்டேன். எங்கள் பக்கம் பாம்பு கடித்தவனுக்கு வேப்பிலையைத் தின்னக் கொடுத்து, கசக்கிறதா இல்லையா என்று கேட்டு விஷம் ஏறியதா என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கை அப்படியே தூக்கி இதற்கும் போட்டுவிட்டார்.

"கல்லு இருக்குற வரைக்கும் புளிக்குமாம். கரைஞ்சுருச்சுன்னா சப்புன்னு போயிருமாம். அனுபவஸ்தவுக சொன்னாக" என்றார் இவர்.

வேலைக்குப் போகாமல் இருந்த அந்த மாதங்களில் காலையில் எழுந்ததும் முதல் வேலை இதுதான். இலையை மென்று, ஒரு கண்ணைச் சுருக்கி, "இன்னும் புளிக்குது" என்பார். வலி அவ்வப்போது வந்து போயிற்று. ஆடி பிறந்தது, ஏலக்காய்ப் பறிப்பும் தொடங்கியது. டாக்டர் சொன்ன ஸ்கேனுக்குப் போகாமல் ஜீப்பை எடுத்தார். இருட்டோடு கிளம்புகிற அவசரத்தில் இலை மறந்துபோனது. சாயங்காலம் திரும்பி வந்து, வெறும் வயிறு என்றால் எந்த நேரமானால் என்ன என்று ஒன்றைப் பறித்து மென்றார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஏ புள்ள, இங்கன வா. சப்புன்னு இருக்கு!"

அன்றைக்கு வீட்டில் அல்வாவும் பரோட்டாவும். மறுநாள் சாயங்காலமும் சப்பென்றுதான் இருந்தது. பிறகு வந்த நாட்களிலும் அப்படியே. வலியும் வரவில்லை. தேனிப் பேச்சை எடுத்தாலே சிரித்தார். எனக்கும் சந்தோஷந்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஒரு நாள் காலையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள், அப்படி என்னதான் ருசி என்று ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். பல் கூசும் புளிப்பு. பயத்தில் வயிற்றில் புளியைக் கரைக்கும் என்பார்கள், எனக்கு வாயிலேயே கரைத்துவிட்டது. அப்படியானால் கல் எனக்கா? ஒரு செம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தேன். மாமியாரைக் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுத்தேன்.

"ஆத்தாடி, புளியங்கா மாதிரில்ல இருக்கு" என்றார்.

இரண்டு பேரும் இடுப்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். போர் தண்ணீர் உப்பு, அதனால்தான் வீட்டுக்கே கல் என்று மாமியார் முடிவுகட்டினார். மதியத்துக்கு மேல் மனசு கேட்காமல் மறுபடி தின்று பார்த்தேன். புளிப்பு பாதிதான் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் வெறும் தழை. காலையில் வந்து சாயங்காலம் போகிற கல்லும் உண்டா? என் நாக்கு கெட்டுவிட்டதா, செடிதான் கெட்டுவிட்டதா? அந்த வாரம் முழுக்க ஆடு மாதிரி மேய்ந்து பார்த்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்தார். காலையிலேயே ஓர் இலையைப் பறித்துக் கையில் கொடுத்தேன். மென்றவர் முகம் வெளுத்தது. துப்பிவிட்டு, "வேற எதையோ பறிச்சுக் குடுத்துட்டு விளையாடுறியா?" என்று கத்தினார்.

"அதே செடிதாங்க. எனக்கும் புளிக்குது, உங்க ஆத்தாளுக்கும் புளிக்குது. இத நம்பாதீங்க. தேனிக்குப் போயி ஒருக்கா பாத்துட்டு வந்துரலாம்."

"ஒனக்குக் கல்லு இருந்தா நீ போயிப் பாரு."

அதற்குப் பிறகு அவர் காலையில் அந்த இலையைத் தொடவே இல்லை. சாயங்காலம் மட்டும் தவறாமல் தின்றார்.

மார்கழியில் நாத்தனார் மகள் வந்திருந்தாள். உத்தமபாளையத்தில் காலேஜில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம் காலைப் புளிப்பு தாங்க முடியாததாக இருந்தது. கிறுக்கி என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அத்தை, மத்த செடியெல்லாம் பகல்ல காத்தை உள்ள இழுக்கும். இது தண்ணி வீணாப் போகும்னு பகல்ல வாய மூடிக்கிரும். ராத்திரிதான் இழுக்கும். இழுத்ததப் புளிப்பா மாத்தி இலைக்குள்ள சேத்து வைக்கும். விடிஞ்சதும் அதையே எடுத்துச் செலவழிச்சுரும். அதான் சாயங்காலம் சப்புன்னு இருக்கு."

"அப்ப இருட்டுல வச்சுட்டா?"

"அப்பவும் கொஞ்ச நாளைக்கு ராத்திரி எது பகல் எதுன்னு அதுக்குத் தெரியும். உள்ள ஒரு கடிகாரம் ஓடுது. பகல் குறைஞ்சு ராத்திரி நீளுறதும் தெரியும். இப்ப ராத்திரி நீளமாச்சே, அதான் இந்தப் புளிப்பு. பூக்குறதும் அதப் பாத்துத்தான்."

பாதி புரிந்தது. கண் இல்லாத ஒன்று பகல் குறைந்ததை எப்படி அளக்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நன்றாகவே உறைத்தது. அந்த இலை அவர் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

அன்று இரவே சொன்னேன். "செடி மூச்சு விட்டா விட்டுட்டுப் போகட்டும். எனக்குத்தான் வலியே இல்லையே" என்று தட்டை வழித்துச் சாப்பிட்டார். வலி இல்லாமலும் கெடும் என்று டாக்டர் சொன்னதை நினைவூட்டினேன். எழுந்து போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் செடியை வேரோடு பிடுங்கியிருப்பேன். அது என்ன பாவம் செய்தது?

தையில் மலைப்பாதையில் இறங்கி வரும்போது குளிர்ஜுரம் கண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். கூட இருந்தவர்கள் வேறு ஜீப்பில் தேனிக்குக் கொண்டுபோனார்கள். கல் குழாயில் இறங்கி உட்கார்ந்திருந்தது. இடது கிட்னி வீங்கி, வேலை செய்வதை எப்போதோ நிறுத்தியிருந்தது.

"வலி எப்போ நின்னுச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆடில சார். புளிப்பு நின்னப்ப" என்றார் இவர்.

டாக்டர் விளங்காமல் என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கியது. இவர் இலையைச் சாயங்காலம் தின்னத் தொடங்கியதும், வலி அடங்கிக் கிட்னி சத்தமில்லாமல் கெடத் தொடங்கியதும் ஒரே ஆடியில்.

அந்தக் கிட்னியை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் படுக்கையில் அவர் இல்லை. பின்பக்கம் ஓடினேன். தையல் போட்ட இடத்தைப் பிடித்தபடி செடிக்கு முன்னால் நின்று மென்றுகொண்டிருந்தார்.

"புளிக்குது" என்றார். சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. "இது செடியோடதா, என்னோடதா?"

"செடியோடதுதாங்க. ராத்திரி சேத்து வச்சது."

அவர் நம்பவில்லை. இன்னோர் இலையைப் பறித்து என்னிடம் நீட்டினார். "நீ தின்னு பாத்துச் சொல்லு."

காலைப்பொழுது, புளிக்காமல் எங்கே போகும்? எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும், சாமி, எனக்கும் புளிக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் அதை வாயில் போட்டேன்.